குளத்தை மூடிய பூ

கலைப்பீட மாணவனொருவன் நீர்க்களைகளைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பைத் தரலாம். இத்தகைய பொருள் விஞ்ஞானபீட நண்பர்களுக்கே உரியது என்றும், தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்பவனுக்கு இதில் என்ன வேலை என்றும் அவர்கள் கேட்டல் கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது ஆராய்ச்சி ஆர்வம் அன்று. எட்டு வயதிலே நான் செய்த ஒரு சிறு செயலும், அதன் பின்விளைவாக ஒரு குளத்துக்கு நேர்ந்த கதியும், அவை பற்றி நெடுங்காலம் எவரிடமும் வாய்திறவாமல் இருந்துவிட்ட குற்றவுணர்வுமே இதற்குக் காரணங்களாகும்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் தென்கோடியை அடுத்துள்ள ஒரு சிற்றூர். கிழக்கே வாவி, மேற்கே வயல், இரண்டுக்கும் இடையில் அம்மம்மாவின் வளவு, வளவின் பின்வேலியைத் தாண்டினால் குளம். பெரிய நீர்ப்பாசனக் குளங்களின் பட்டியலில் அதற்கு இடமில்லை. நூறு ஏக்கருக்கும் குறைந்த வயலுக்கு நீர் கொடுத்து, மாடுகளுக்குத் தாகம் தீர்த்து, ஊர்ப் பெண்கள் துணி துவைக்கவும் சிறுவர் நீந்தவும் இடமளித்துக்கொண்டிருந்த சாதாரணக் குளமே அது. அதன் வடபாதியில் தாமரை நின்றது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிற் சடங்கு தொடங்கினால், விடியுமுன் இடுப்பளவு நீரில் இறங்கித் தாமரை மொட்டுப் பறித்துக் கடகத்தில் நிரப்பிக் கோயிலுக்குக் கொண்டுபோவது அம்மம்மாவின் உரிமையாக இருந்தது. அவ்வுரிமையை எவரும் எழுதிக் கொடுக்கவில்லை, எவரும் பறிக்கவுமில்லை. அப்பா வேளாண்மை இல்லாத மாதங்களில் அக்குளத்திலேதான் கரப்பும் அத்தாங்கும் கொண்டு மீன் பிடித்தார். பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கான பணத்தில் ஒரு பகுதி அக்குளத்து விராலிலிருந்து வந்தது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

2010 ஆம் ஆண்டில் ஒருநாள் அப்பாவுடன் கல்முனைக்குச் சென்று திரும்பும்போது கிட்டங்கியில் சற்றுநேரம் நின்றோம். தாம்போதியின் இருபுறமும் நீரே தெரியாதபடி பச்சை இலை. இலைக்குமேல் ஊதாநிறப் பூக்கொத்துகள். ஒவ்வொரு பூவின் மேலிதழிலும் மயிற்பீலியின் கண்போல மஞ்சட் பொட்டொன்று இருந்தது. அத்தனை அழகிய பூவை அதுவரை நான் கண்டதில்லை. நீரோரத்தில் ஒதுங்கிக் கிடந்த செடியொன்றை எடுத்தேன். வேர் கருமையாகத் தொங்கியது. இலைக்காம்பு பஞ்சுபோல உப்பியிருந்தது. அப்பா தடுக்கவில்லை. தாம் சுமந்துவந்த பையில் ஒரு பொலித்தீன் உறையை எடுத்து, சிறிது நீர்விட்டுத் தந்தார். வீட்டின் பின்புறத்திலிருந்த சீமெந்துத் தொட்டியில் அது மிதந்தது. அம்மம்மா பார்த்துவிட்டு, “ஆத்துவாழையை ஏண்டா மனே ஊட்டுக்குக் கொண்டந்த?” என்று கேட்டாள். பூத்தபின் அவளும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் தொட்டியில் நீர் தெரியவில்லை.

2011 தை மாதத்தில் கிழக்கு மாகாணத்தை வெள்ளம் மூடியது. எங்கள் வளவில் முழங்காலுக்கு மேல் நீர் நின்றது. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்துவிட்டு வீடு திரும்பியபோது சீமெந்துத் தொட்டியில் சேற்றைத் தவிர வேறெதுவும் இல்லை. செடி போய்விட்டதே என்று நான் அழுதது நினைவிருக்கிறது. அது எங்கே போனது என்று அன்று எவரும் எண்ணிப்பார்க்கவில்லை.

மறு வருடம் குளத்தின் அலைகரையில் ஊதாப்பூக்கள் தோன்றின. அதற்கடுத்த வருடம் தாமரைகளுக்கு நடுவே பச்சைத் திட்டுகள் மிதந்தன. இவ்விடத்தில் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். ஆகாயத்தாமரை விதையினாலும் பெருகும். ஆனால் அதன் பேராற்றல் பக்கத்தண்டு விட்டுக் குட்டி போடுவதிலேயே இருக்கிறது. சூடும் ஊட்டமும் வாய்த்த நீரில் இரண்டு வாரமளவில் அதன் தொகை இருமடங்காகிவிடும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இவ்வாறு இருபது தடவை இரட்டித்தால் ஒரு செடி பத்து இலட்சத்தைத் தாண்டும். அதற்கு வேண்டிய காலம் பத்து மாதத்துக்கும் குறைவு. இக்கணக்கில் இன்னொரு கொடுமை உண்டு. குளத்தின் பாதி மூடப்பட்ட நாளில், “இன்னும் பாதி இருக்கிறதே” என்று நாம் ஆறுதல் அடைகிறோம். உண்மையில் எஞ்சியிருப்பது ஒரேயொரு இரட்டிப்புக்கான அவகாசம் மட்டுமே. எங்கள் ஊரார் அவ்வாறுதான் ஆறுதல் அடைந்தனர். அடுத்த கோடைக்குள் குளம் ஒரு புல்வெளிபோல் ஆயிற்று.

மேற்பரப்பு மூடப்படும்போது நீருக்குள் நிகழ்வது என்ன என்பதை விஞ்ஞானபீட நண்பரொருவர் எனக்கு விளக்கினார். ஒளி புகாதபோது நீரினுள் வாழும் பாசியினதும் கொடித்தாவரங்களினதும் ஒளித்தொகுப்பு நின்றுபோகிறது. அவை நீருக்குள் விட்டுவந்த ஒட்சிசன் அற்றுப்போகிறது. காற்று நீரைத் தீண்டி அலையெழுப்பும்போது கலக்கும் ஒட்சிசனும் அப்பசும்போர்வையினால் தடைப்படுகிறது. மூத்த இலைகள் அழுகி அடியில் வீழ, அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் எஞ்சிய ஒட்சிசனையும் உண்டுவிடுகின்றன. ஆதலால் மீன் நீருக்குள்ளேயே மூச்சுமுட்டி இறக்கிறது. இவ்விளக்கத்தைக் கேட்டபோது எங்கள் குளத்தில் கண்ட காட்சிகள் யாவும் எனக்கு ஒழுங்காகப் புரிந்தன. கெண்டையினச் சிறுமீன்கள் முதலில் மறைந்தன. வெளிக்காற்றை விழுங்கி உயிர்வாழ வல்ல விரால் சிலகாலம் தாக்குப்பிடித்தது. ஆனால் கரப்பைக் குத்தவும் வலையை வீசவும் வெளிநீர் இல்லாமற் போயிற்று. மூழ்கி மீன் பிடிக்கும் நீர்க்காகங்கள் வராதொழிந்தன. தாமரை இலைகள் விரிய இடமின்றி, எழுந்த தண்டுகள் வளைந்து அழுகின. கோயிற் சடங்குக்குப் பூ வேற்றூரிலிருந்து வந்தது.

நுளம்பும் பெருகிற்று. மன்சோனியா என்னும் நுளம்பினத்தின் குடம்பிகள் மிதக்கும் தாவரங்களின் வேரைத் துளைத்து, அவற்றினுள் இருக்கும் காற்றைச் சுவாசித்து வாழ்வன. இலங்கையில் ஒருகாலத்தில் யானைக்கால் நோயின் ஒரு வகையைக் காவித் திரிந்தவை இவையே. ஒரு செடி குளத்தில் நுழைந்தால் செடியொன்று மட்டும் நுழைவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பல்கலைக்கழகத்துக்கு வந்தபின், நூலகத்தில் வேறொன்றைத் தேடும்போது இச்செடியின் வரலாறு என் கையில் அகப்பட்டது. படிக்கப் படிக்க, எட்டு வயதில் நான் செய்ததைப் பெரியவர்கள் பலர் பல நாடுகளில் எனக்கு முன்பே செய்திருக்கின்றனர் என்பதை அறிந்தேன். அது ஆறுதலா, அச்சமா என்று எனக்கு இன்றும் தெளிவில்லை.

ஆகாயத்தாமரையின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசன் வடிநிலம். பூவின் அழகுக்காகவே அது உலகெங்கும் கொண்டுசெல்லப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இலங்கைக்கும் அலங்காரச் செடியாகவே வந்தது. அது வந்து சில ஆண்டுகளுக்குள், 1909 ஆம் ஆண்டில், அதனை ஒழிப்பதற்கெனவே ஒரு கட்டளைச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. வங்காளத்தில் அது ஆறுகளையும் வயல்களையும் மூடி, படகோட்டத்தையும் நெற்செய்கையையும் குலைத்தமையால் 1936 இல் அங்கும் தனிச்சட்டம் பிறந்தது. சட்டத்தினால் செடி அஞ்சிற்றா என்பதை நம்மூர் வாவிகளைப் பார்ப்போர் அறிவர்.

இச்செடிக்கு மக்கள் இட்ட பெயர்கள் என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தன. சிங்களத்தில் இதற்கு யப்பான் யபர என்று பெயர். யப்பானுக்கும் இதற்கும் பிறப்புறவு எதுவுமில்லை. முதலாம் உலகப்போர்க் காலத்து வங்காளத்தில் இதனை ஜேர்மன் பானா என்றனர். ஜேர்மனிக்கும் இதற்கும் உறவில்லை. யார் யாருக்குப் பகைவரோ அவர் தலையில் பழியைக் கட்டிவிடுவது மனித இயல்பு போலும். தமிழிலும் குழப்பம் இல்லாமலில்லை. ஆகாயத்தாமரை என்ற பெயர், சித்த மருத்துவர் பயன்படுத்திய, ரோசாப்பூப்போல் இலையடுக்குடைய வேறொரு மிதவைச் செடிக்கு உரியது. ஊதாப்பூவுடைய புதிய செடிக்கும் அப்பெயரையே பலர் வழங்கத் தொடங்கினர். தமிழ்நாட்டில் வெங்காயத்தாமரை என்கின்றனர். எங்கள் பகுதியில் ஆற்றுவாழை. தாமரை என்றும் வாழை என்றும் நாம் பெயரிடும்போதே, வந்தது நம் உறவுக்காரன் என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறோம் அல்லவா?

பெயர்க் குழப்பம் மொழி மாணவனின் வீண்கவலை என்று எண்ணுவோர்க்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகிறேன். அது ஆகாயத்தாமரையின் தோழனான சல்வீனியா பற்றியது. சல்வீனியா பூவாத தாவரம். நீரில் மிதக்கும் பன்னம். அதற்கு வேர் இல்லை. வேர்போல் தொங்குவதும் உருமாறிய இலையே. வித்திகள் மூலம் இனம்பெருக்கும் ஆற்றலும் அதற்கில்லை. உடைந்த துண்டொன்று போதும், அது மீண்டும் முழுச்செடியாகும். இந்தச் செடி இலங்கைக்கு வந்த வரலாறு பல்கலைக்கழகத்தாராகிய நம் அனைவருக்கும் தலைகுனிவைத் தரக்கூடியது. 1939 ஆம் ஆண்டில், கொழும்பிலிருந்த அன்றைய பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற்றுறையில் மாணவர்க்குக் காட்டிக் கற்பிப்பதற்காகவே அது தருவிக்கப்பட்டது. அங்கிருந்து தப்பிய செடி, 1950 களின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 22,000 ஏக்கர் நெல்வயல்களிலும் 2,000 ஏக்கர் நீர்வழிகளிலும் பரவிற்று. என் சீமெந்துத் தொட்டிக்கும் அவ்வாய்வுகூடத் தொட்டிக்கும் இடையிலுள்ள வேறுபாடு, ஒன்று அழகுக்காகவும் மற்றது அறிவுக்காகவும் வைக்கப்பட்டது என்பது மட்டுமே. அழகும் அறிவும் தம்மளவில் தூயவை. தொட்டியின் விளிம்போடு தம் பொறுப்பு முடிந்தது என்று அவை எண்ணிவிடும்போதுதான் கேடு விளைகிறது.

அக்களையை அழிக்க இரசாயனம் தெளித்தனர்; கையால் வாரினர்; பயன் சிறிதே. அதன் பிறந்தகத்தில் அதனை உண்டு கட்டுப்படுத்தும் பூச்சி எதுவாயினும் இருக்கவேண்டும் என்று ஆய்வாளர் தேடினர். ஆனால் அது வேறொரு சல்வீனியா இனமெனத் தவறாகப் பெயரிடப்பட்டிருந்தது. பெயர் தவறியதால் ஊரும் தவறிற்று. ஊர் தவறியதால், தேடிக் கண்ட பூச்சியும் தவறிற்று. 1972 ஆம் ஆண்டில் இது தனியோர் இனம் என்று நிறுவப்பட்டது. 1978 இல் அதன் உண்மைத் தாயகம் பிறேசிலின் தென்கிழக்குப் பகுதி என்று கண்டறியப்பட்டது. அங்கே அதன்மேல் வாழ்ந்த, சில மில்லிமீற்றர் நீளமே உடைய கருநிற நீள்மூஞ்சி வண்டு ஒன்றை 1980 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டபோது, இருநூறு ஹெக்டேயர் அளவில் மூடிக்கிடந்த களை ஏறக்குறைய ஒரு வருடத்தில் அழிந்துபட்டது. அவ்வண்டே 1986 இல் இலங்கைக்கும் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளில் நாட்டின் பல பாகங்களில் சல்வீனியா பெருமளவு ஒடுங்கிற்று. முப்பதாண்டுக்கு மேலாக எந்திரத்தாலும் நஞ்சாலும் முடியாததைச் சரியான ஒரு பெயர் முடித்துவைத்தது என்று கூறின் அது மிகையாகாது.

ஆகாயத்தாமரைக்கும் வேறொரு வண்டினம் 1988 இல் இங்கு விடப்பட்டது. ஆனால் இது சல்வீனியாவைப்போல் பணிந்துவிடவில்லை. இன்றும் நம் வாவிகளிலும் வாய்க்கால்களிலும் அதனைக் காண்கிறோம். விதைகள் சேற்றினுள் இருபது ஆண்டுவரை உயிரோடு உறங்கிக் கிடக்கவல்லவை. அதற்கு மேலாக, அதற்கு நாளும் விருந்து படைப்பவர்கள் நாமே. வயலுக்கு இடும் பசளையில் பயிர் உண்டதுபோக எஞ்சும் நைதரசனும் பொசுபரசும் வாய்க்கால் வழியாகக் குளத்துக்கும் வாவிக்கும் வந்துசேர்கின்றன. ஊர்க்கழிவும் அவற்றோடு சேர்கிறது. செடியைத் திட்டிக்கொண்டே அதற்குச் சோறூட்டும் விநோதம் இது. உவர்நீரை மட்டும் அது தாங்காது. ஆற்றுவாய் வெட்டப்பட்டுக் கடல்நீர் வாவிக்குள் ஏறினால், உப்புப்பட்ட செடி கருகும். எங்கள் குளத்துக்கோ கடலோடு வழியில்லை.

அயலிலிருந்து வந்தவை அனைத்தும் தீயவை என்று கூற நான் துணியேன். மிளகாயும் மரவள்ளியும் கொய்யாவும் தென்னமெரிக்க, மத்திய அமெரிக்க நிலங்களிலிருந்து வந்தவையே. அவையின்றி நம் அடுக்களையை எண்ணிப்பார்க்க முடியாது. 1950 களின் தொடக்கத்தில் ஆபிரிக்காவிலிருந்து வந்த திலாப்பியா, பராக்கிரம சமுத்திரம் போன்ற குளங்களில் மீன்பிடித் தொழிலொன்றையே உண்டாக்கிற்று. உள்நாட்டில் வாழும் வறியவர்க்குக் குறைந்த விலையில் கிடைக்கும் மீன் பெரும்பாலும் அதுவே. ஆயின் அதே ஆபிரிக்காவின் விக்ரோரியா ஏரியில், வருவாய்க்கென விடப்பட்ட நைல் பேர்ச் என்னும் பெருமீன், அந்த ஏரியைத் தவிர வேறெங்கும் இல்லாத சிறுமீன் இனங்களை உண்டு பெருகியது. ஏறத்தாழ இருநூறு இனங்கள் மறைந்துபோயின என்று ஆய்வாளர் மதிப்பிட்டனர். அழிவுக்கு அம்மீன் ஒன்றே காரணமன்று எனினும் முதன்மைக் காரணம் அதுவே. ஓரிடத்தில் உணவானது வேறோரிடத்தில் ஊழாகிறது. ஆதலால் பிறந்த இடத்தை மட்டும் வைத்து ஓர் உயிரைப் பகையென்று தீர்ப்பிடல் தகாது. தன்னைக் கட்டுப்படுத்தும் இயற்கைச் சுற்றத்திலிருந்து பிரிக்கப்பட்டு, தன்னை அறியாத ஒரு சூழற்றொகுதியில் விடப்படும்போது சில உயிர்கள் எல்லை கடக்கின்றன. பிரித்தவரும் விட்டவரும் மனிதரே. அந்நியர், ஆக்கிரமிப்பாளர் முதலிய சொற்களை மனிதர்மீது எளிதாக வீசிப் பெருந்துயர் கண்ட நாட்டிலே, தாவரவியலில் வழங்கும் அச்சொற்களை அங்கேயே நிறுத்திவைக்கும் விழிப்பும் நமக்கு வேண்டும்.

நோய்க்கு மருந்து தேடுவோர் சிலவேளை புதியதொரு நோயைத் தேடிவிடுவதும் உண்டு. 1910 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் லூசியானாப் பிரதிநிதி ஒருவர், ஆகாயத்தாமரையைத் தின்பதற்காக ஆபிரிக்காவிலிருந்து நீர்யானைகளை இறக்குமதி செய்யலாம் என்றும், அவற்றின் இறைச்சியால் நாட்டின் இறைச்சிப் பஞ்சமும் தீரும் என்றும் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். நல்லவேளையாக அது நிறைவேறவில்லை. இதைப் படித்துச் சிரித்தபோது, எங்கள் ஊர் இளைஞரொருவர் குளத்தில் எண்ணெய் ஊற்றித் தீவைத்தால் என்ன என்று ஒருமுறை கேட்டது நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊரில் முதற் சிரமதானம் நடந்தபோது நான் உயர்தர வகுப்பில் இருந்தேன். கத்தியும் கயிறும் இரண்டு தோணிகளும் கொண்டு நாற்பதுபேர் மூன்று நாள் உழைத்தோம். செடியின் உடலில் பெரும்பங்கு நீரே ஆதலால் ஒரு கட்டை இழுத்துக் கரைசேர்ப்பதற்குள் தோள் இற்றுவிடும். வாரியதை அணைக்கட்டிலேயே குவித்துவிட்டு வீடு திரும்பினோம். மழை வந்தது, குவியலிலிருந்து உயிரோடு எஞ்சிய துண்டுகள் மீண்டும் குளத்துக்குள் வழுக்கின. மறுவருடம் குளம் பழையபடியே இருந்தது. ஊரார் மனம் சலித்தது. அப்பா மட்டும் ஒன்று சொன்னார்: “வேரப் புடுங்கினாப் போகாது மனே, ஊரே இறங்கினாத்தான் போகும். அதுவும் ஒருக்கா இறங்கினாப் போதாது.”

அம்மம்மா 2019 இல் காலமானாள். இறப்பதற்குச் சில வாரம் முன்பு, நினைவு தடுமாறிய நிலையில், “சடங்குக்குப் பூப் பறிச்சாச்சா?” என்று கேட்டாள். பறித்தாயிற்று என்று அம்மா சொன்னாள். நான் வெளியே எழுந்து போய்விட்டேன். தொட்டியில் ஆற்றுவாழையைக் கண்ட அன்றே அவள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை என்பது அப்போது என்னைச் சுட்டது.

பல்கலைக்கழகத்தில் கற்றவற்றைக்கொண்டு, சென்ற இரு விடுமுறைகளிலும் ஊர் இளைஞரோடு கூடிப் பணியை வேறுவிதமாகச் செய்தோம். மாரியில் அன்றி, நீர் வற்றிக் குளம் சுருங்கும் ஆவணியில் இறங்கினோம். குளம் முழுவதையும் ஒரேயடியாகத் தூய்மையாக்கும் ஆசையை விட்டோம். மூங்கிலும் கயிறும் கொண்டு மிதவை வேலியொன்று அமைத்து, வடபாதியை மட்டும் துப்புரவாக்கி, மறுபாதியிலிருந்து செடி வராமற் காத்தோம். வாரியவற்றை அணைக்கட்டில் விடாது மேட்டு வளவுகளுக்கு ஏற்றிக் காயவைத்து, சாணத்தோடு சேர்த்துக் கூட்டெருவாக்கினோம். வயற்காரர் சிலர் வாய்க்கால் வாயில் புல்வரம்பு வைக்க இணங்கினர். பசளை நீர் நேரே குளத்தில் விழாமலிருக்க அது ஓரளவு உதவும். பூக்குமுன் பிடுங்குவதே விதை சேராதிருக்க வழியென்பதால், பூத்த செடி கண்ணிற்பட்டால் எவர் வயலுக்குப் போகும் வழியாயினும் இறங்கிப் பிடுங்கவேண்டும் என்று சிறுவர்களுக்கும் சொல்லிவைத்தோம்.

சென்ற ஆவணியில் ஒருநாள் மாலை, வேலை முடிந்து அலைகரையில் அப்பாவும் நானும் சேறு கழுவிக்கொண்டிருந்தோம். அவர் கையில் வேரோடு ஒரு செடி இருந்தது. அதன் உப்பிய காம்பைப் பார்த்தபோது என் வாய் தானாகத் திறந்தது. கிட்டங்கியிலிருந்து நான் கொண்டுவந்த செடியைப் பற்றியும், தொட்டியைப் பற்றியும், வெள்ளத்தைப் பற்றியும் சொன்னேன். குளம் பாழானது என்னால்தான் என்றேன். அவர் உடனே ஒன்றும் பேசவில்லை. செடியைக் குவியலில் எறிந்துவிட்டு, “தெரியும் மனே. அந்தத் தொட்டிக்கு நானுந்தானே தண்ணி ஊத்தின” என்றார்.

வெள்ளத்தோடு வேறு குளங்களிலிருந்தும் செடி வந்திருக்கலாம். வாவியே பொங்கிவந்து அதனைச் சேர்த்திருக்கவும் கூடும். எங்கள் குளத்தின் முதற்செடி என் தொட்டியிலிருந்துதான் சென்றது என்று எந்த நீதிமன்றத்திலும் நிறுவ முடியாது. ஒருகாலத்தில் அந்த ஐயத்தில் நான் ஒளிந்துகொள்ள முயன்றதுண்டு. ஆனால் அப்பாவின் விடையில் அந்த ஐயத்துக்கு இடமே இருக்கவில்லை. யார் கொண்டுவந்தார் என்று அவர் கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றியவர் எல்லாரும் இறங்கவேண்டும் என்பதே அவர் கணக்கு. அலங்காரத்துக்காக வளர்த்த மீன் பெருத்தவுடன் இரக்கத்தால் ஆற்றில் கொண்டுபோய் விடுகிறவர்களும், கண்ணாடித் தொட்டியைக் கழுவிய நீரைக் கானில் ஊற்றுகிறவர்களும், ஆய்வுக்கென எதையும் தருவிக்கலாம் என்று எண்ணும் கற்றோரும், பசளையை அளவின்றி வீசும் வேளாளரும் அந்தக் கணக்கில் அடங்குவர். நானும் அடங்குவேன்.

வடபாதியில் இவ்வருடம் தாமரை இலைகள் சில விரிந்திருக்கின்றன. பழைய கிழங்கு சேற்றுள் பிழைத்துக் கிடந்திருக்க வேண்டும். கோயிற் சடங்குக்குக் கடகம் நிரம்பும் அளவுக்கு அவை பூக்கவில்லை. ஏழோ எட்டோ மொட்டுகளே கிடைத்தன என்று அம்மா தொலைபேசியில் சொன்னாள். அதே சேற்றுக்குள் ஆற்றுவாழையின் விதைகளும் இருபதாண்டு உறங்கக் காத்துக் கிடக்கின்றன. ஆதலால் எங்கள் வேலை இந்த விடுமுறையோடு முடிவதன்று. ஆவணியில் விரிவுரைகள் இல்லாத நாட்களை இப்போதே எண்ணி வைத்திருக்கிறேன். மிதவை வேலியின் கயிறு இற்றுப்போயிருக்கிறதாம், புதிதாக வாங்கிவரும்படி அப்பா சொல்லியனுப்பியிருக்கிறார்.